உரிமக் கடையும் தனிக் கடையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பழைய அதிபர்களின் பெருமையையும், விளையாட்டு மைதானத்து வெற்றிகளையும், விடுதிச் சாலையின் வேடிக்கைகளையும் எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆதலின் நான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். இக்கல்லூரியிற் கற்று வெளியேறியோரிற் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் உழைக்கின்றனர். பதினைந்து இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இனிப் பிறர்க்கு வேலை செய்தது போதும், நமக்கென ஒரு கடை வைப்போம்’ என்று எண்ணும் காலம் அவர்களுட் பலருக்கு வருகின்றது. அப்பொழுது அவர்கள் முன் இரண்டு வாயில்கள் தோன்றும். பெயர் பெற்ற நிறுவனமொன்றின் பெயரையும் முறையையும் வாடகைக்கு வாங்கி நடத்தும் கடை ஒன்று. தன் பெயரில், தன் பொறுப்பில் நடத்தும் கடை மற்றொன்று. எதனைத் தெரிவது? இவ்வினா எங்கள் குடும்பத்தில் எழுந்த கதையைச் சொல்லின், யாரேனும் ஓர் இளைஞருக்குப் பயன்படலாம்.

என் தம்பியும் இக்கல்லூரியின் பழைய மாணவனே. 2001 ஆம் ஆண்டிற் கனடா சென்றவன், ரொறன்ரோ நகரின் கீழ்ப்பகுதியாகிய ஸ்காபரோவில் ஒரு பண்டசாலையில் இரவு வேலை பார்த்து வந்தான். 2016 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, ஒரு கடை எடுக்கப் போகிறேன். தோட்டக் காணியில் என் பங்கை விற்கவேண்டி வரும். நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டும்” என்றான். எங்கள் தந்தையார் எங்கள் இருவர் பெயரிலும் நன்கொடை உறுதி எழுதிவைத்த ஆறு பரப்புத் தோட்டக் காணி அது. பிரிபடாத பங்கு, தேசவழமைப்படி பங்காளிக்கே வாங்கும் முன்னுரிமை. ஆசிரியச் சம்பளத்தில் அப்பங்கை வாங்கும் வசதி எனக்கில்லை. ஆகவே என் கையெழுத்து என்பது அந்நிலத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும் கையெழுத்து.

“என்ன கடை, தம்பி?” என்று கேட்டேன். ‘டானிங் சலூன்’ என்றான். அவன் விளக்கியதை அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். குழல் விளக்குகள் பொருத்திய கட்டிலில் வெள்ளையர் வந்து படுத்துத் தம் தோலைக் கறுப்பித்துக்கொள்வார்கள். அதற்கு நிமிடக் கணக்கிற் பணம் கொடுப்பார்கள். அம்மா நெடுநேரம் பேசாதிருந்து, “இங்கே வெயில் சும்மா கொடுப்பதை அங்கே காசுக்கு விற்கிறார்களா?” என்றார். அயல் வீட்டுப் பெரியவரோ, ஆங்கிலச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அது தோல் பதனிடும் தொழிற்சாலை என்று கொண்டு, நாற்றத்தைப் பற்றி எச்சரிக்கலானார். ஆங்கிலத்தில் இரு தொழிலுக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்மீது குறையில்லை.

அம்மாவின் கேள்வி சிரிப்புக்குரியதன்று. மேனாட்டிலும் முற்காலத்தில் வெளிறிய தோலே உயர்குடிக்கு அடையாளமாயிருந்தது. வயலில் வெயிலில் நின்றவன் கறுத்தான். நிழலில் இருந்தவன் வெளிறினான். பின்னர்த் தொழிற்சாலைகள் பெருகி, உழைப்பாளி கூரையின் கீழ்ப் புகுந்தபொழுது, கறுக்கும் வாய்ப்பு ஓய்வும் பணமும் உடையவனுக்கே கிடைத்தது. டென்மார்க்கின் மருத்துவர் நீல்ஸ் பின்சன், தோலிற் பற்றும் காசநோயை ஒளியாற் குணப்படுத்தியமைக்காக 1903 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஒளி மருந்து என்னும் நம்பிக்கை பரவியது. 1920களில் பாரிஸ் நகரத்து ஆடைக் கலைஞர் கோகோ சனெல் கடற்கரையில் வெயில் பட்டுத் திரும்பியதும் மாநிறம் நாகரிகமாயிற்று என்று கூறுவர். 1970களில் ஜேர்மனியில் ஃப்ரீட்ரிக் வுல்ஃப் என்பவர் கழியூதாக் கதிர்க் கட்டிலை வணிகப் பொருளாக்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் அக்கட்டில் வட அமெரிக்காவின் கடைத்தெருக்களெங்கும் புகுந்தது.

நம் பழைய இலக்கியத்தைக் கற்பிப்போர்க்கு இது புதுமையன்று. சங்கப் புலவர்கள் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தையே பெண்டிர்க்கு அழகாகப் பாடினர். வெளிறிய நிறத்தைப் பசலை என்று பிரிவுத் துயரின் நோயாகக் கண்டனர். அம்மரபில் வந்த நாமோ இன்று மணமகள் தேடும் விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ வேண்டுமென்கின்றோம். என்னிடம் கற்கும் மாணவியர் வெண்மைப் பூச்சுக்குக் காசு சேர்க்கின்றனர். அத்தகைய பூச்சுகளுட் சில பாதரசம் கலந்தவை என்றும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்துள்ளது. கறுத்தவன் வெளுக்கவும் வெளுத்தவன் கறுக்கவும் பணம் கொடுக்கும் உலகில், இடையே நின்று காசு வாங்குவோன் வணிகன். என் தம்பி அந்த இடத்தில் நிற்க விரும்பினான்.

அவன் முன் இருந்த தெரிவுகள் இரண்டு. பல கிளைகளையுடைய ஒரு நிறுவனத்தின் உரிமக் கடை ஒன்று. முதுமையடைந்த ஒரு பெண்மணி இருபது ஆண்டாகத் தாமே நடத்தி விற்க முன்வந்த தனிக் கடை மற்றொன்று. பின்னதில் நான்கு ஒளிக் கட்டில்களும், ஒரு மூலையில் முடி திருத்தும் இரண்டு நாற்காலிகளும் இருந்தன.

உரிமக் கடையை ஆங்கிலத்திற் ‘பிரான்சைஸ்’ என்பர். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் விடுதலை என்னும் பொருள் தந்தது. ஒப்பந்தத்தைப் படித்த எனக்கு அச்சொல்லின் வரலாறு வியப்பைத் தந்தது. முறையோ புதிதன்று. 1850களிற் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தார் அமெரிக்காவிற் பகுதிவாரியாக விற்பனை உரிமை வழங்கியதை இம்முறையின் தொடக்கங்களுள் ஒன்றாகச் சொல்வர். அந்நிறுவனம் 1877 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கும் வந்து, நம் பாட்டிமாரின் திண்ணைகளில் இடம் பிடித்தது. 1955 ஆம் ஆண்டில் ரே குரொக் என்பவர் மக்டொனால்ட்ஸ் உணவுக் கடையை இம்முறையிற் பரப்பத் தொடங்கிய பின்னரே உலகெங்கும் இது பெருவழக்காயிற்று.

ஒன்ராறியோ மாகாணத்தில் 2000 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஆதர் விஷாட் சட்டம் இத்தகைய கடை வாங்குவோர்க்கு ஒரு நல்ல காப்பு. உரிமம் தருவோர், கையெழுத்தோ பணமோ வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக ஒரு விளக்கப் பத்திரம் கொடுத்தாகவேண்டும். கடைக்கு ஆகும் செலவு, நிறுவனத்தின் நிதிநிலை, அதன்மீதுள்ள வழக்குகள், இப்பொழுது கடை நடத்துவோர், அண்மையில் விலகியோர் ஆகியோரின் விபரம் எல்லாம் அதில் இருத்தல் வேண்டும். பத்திரமே கொடாதுவிடின் இரண்டாண்டுக்குள் ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தை மீட்கலாம். தம்பி அப்பத்திரத்தை எனக்கு அனுப்பினான். என் ஆங்கிலம் மேடைக்கு அஞ்சும், வாசிப்புக்கு அஞ்சாது. அகராதியைத் துணைகொண்டு நான்கு இரவு இருந்து படித்தேன். செய்யுளுக்குப் பதவுரை எழுதும் பழக்கம் அவ்விடத்து நன்கு உதவியது. சொல் சொல்லாகப் பிரித்தால் ஒப்பந்தமும் தன் கருத்தை ஒளிக்க மாட்டாது.

அப்பத்திரத்தின் உயிர்நிலை ஒரேயொரு சொல்லில் இருந்தது. மாதந்தோறும் நிறுவனத்துக்குச் செலுத்தவேண்டிய பங்கு மொத்த வசூலின்மீது கணிக்கப்படும்; இலாபத்தின்மீது அன்று. கணக்கு விளங்குமாறு எண்களைச் சுருக்கிச் சொல்கின்றேன். மாத வசூல் 20,000 டொலர் என்று கொள்வோம். வாடகை, கூலி, மின்சாரம், விளக்கு, கடன் வட்டி எல்லாம் 18,000. மிச்சம் 2,000. உரிமப் பங்கு நூற்றுக்கு 6 வீதம், விளம்பர நிதி 2 வீதம் எனின், 20,000 டொலரில் 1,600 போய்விடும். கையில் நிற்பது 400. வசூல் சிறிது குறைந்தால் கடைக்காரன் நட்டப்படுவான். நிறுவனமோ அப்பொழுதும் தன் பங்கைப் பெறும். கட்டில்களையும் பூச்சு மருந்துகளையும் நிறுவனம் காட்டும் இடத்திலேயே வாங்கவேண்டும். அது சொல்லும்பொழுது கடையைப் புதுப்பிக்கவேண்டும். ஒப்பந்தம் முடிந்த பின்னும் சில காலம் அயலில் அத்தொழிலைச் செய்யலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பி தன் சொந்த உடைமையைப் பிணை வைக்கவேண்டும்.

ஆயினும் உரிமக் கடையை வீணென்று தள்ளுவது நீதியன்று. தொழில் அறியாதவனுக்கு அது தொழில் கற்பிக்கின்றது. பெயரைக் கண்டு வாடிக்கையாளர் வருகின்றனர். வங்கிகளும் புதிய கடையினும் அதனை நம்பிக் கடன் கொடுக்கும். என் வகுப்புத் தோழர் ஒருவர் அந்நாட்டிலே உரிமம் பெற்ற உணவுக் கடை நடத்தி நன்றாயிருக்கின்றார். “எனக்குச் சமைக்கவும் தெரியாது, கணக்கும் தெரியாது. அவர்கள் கொடுத்த புத்தகத்தைத் திருக்குறள்போல மனனஞ் செய்தேன்” என்று அவர் எனக்குச் சொன்னதுண்டு. நம் முன்னோரிலும் இவ்விரு வழியினரும் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து தென்னிலங்கை சென்று சுருட்டுக் கடை வைத்தோர், முதலில் ஒரு முதலாளியின் கீழ் நின்று தொழில் பழகி, அவருடைய சரக்கையும் பெயரையும் கொண்டு வாழ்ந்து, பின்னரே தனிக் கடை கண்டனர். பழகும் காலத்தில் அவர்கள் கொடுத்தது உழைப்பு. தம்பியிடம் கேட்கப்பட்டதோ முதல்.

தனிக் கடையை ஆராய்ந்தபொழுது வேறு வகையான வினாக்கள் எழுந்தன. அங்கே விளக்கப் பத்திரம் இல்லை. விற்பவரின் வாய்ச்சொல்லே பத்திரம். ஆகவே, வரித் திணைக்களத்துக்குக் காட்டிய கணக்கைக் கேள் என்று தம்பிக்கு எழுதினேன். கடைக் கட்டடத்தின் குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு உளது, அதனை மாற்றிக்கொடுக்கக் கட்டடச் சொந்தக்காரர் இசைவாரா என்று பார்க்கச் சொன்னேன். அந்த விளக்குகள் எரிய எரியக் கதிர் குன்றும். குறித்த மணி நேரம் கடந்ததும் மாற்றவேண்டும். ஆதலின் ஒவ்வொரு கட்டிலும் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று அறியவேண்டும். இன்னும் ஒன்று தம்பியே கண்டுபிடித்தான். அத்தொழிலில் மாரியின் பிற்பகுதியிலும் இளவேனிலிலுமே கூட்டம். கோடையில் வானத்து வெயில் இலவசமாகக் கிடைப்பதால் கடை வெறிச்சோடும். கூட்டமான மாதங்களில் வாடிக்கையாளர் பல தடவைக்குரிய பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவர். விற்பவர் அப்பணத்தைச் செலவிட்டிருப்பார். கட்டிலைக் கொடுக்கும் கடமையோ வாங்குபவர் தலையில் விழும். பங்குனிக் கணக்கைப் பார்த்து விலை பேசுபவன் ஆவணியில் அழுவான்.

இவ்வாறு இரு பக்கமும் எழுதி ஒப்பிட்டபொழுது, எனக்குத் தனிக் கடையின் தட்டே தாழ்ந்தது. ஆனால் அவ்வொப்பீட்டுக்கு அடியில் இன்னொரு வினா கிடந்தது. இரு கடையிலும் விற்கப்படும் பொருள் ஒன்றே. அப்பொருள் எத்தகையது?

தோல் கறுப்பது அழகுக்காக அன்று. கழியூதாக் கதிர் தோற்கலங்களின் மரபுப் பொருளைத் தாக்குகின்றது. மேலும் தாக்கப்படாதிருக்க உடல் மெலனின் என்னும் நிறப்பொருளைக் குடையாகப் பிடிக்கின்றது. நாம் அழகென்று காண்பது அக்குடையை. 2009 ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், இக்கட்டில்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்று உறுதிப்பட்ட முதலாம் வகுப்பிற் சேர்த்தது. முப்பது வயதுக்கு முன் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்குவோர்க்கு மெலனோமா என்னும் தோற்புற்று ஏற்படும் அபாயம் 75 வீதம் கூடும் என்றும் அது கூறியது. அதே ஆண்டிற் பிரேசில் நாடு இக்கட்டில்களைத் தடைசெய்தது. அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டு இத்தொழிலுக்கென்றே 10 வீத வரி விதிக்கப்பட்டது. ஒன்ராறியோவில் 2014 மே மாதம் முதலாந் திகதியிலிருந்து 18 வயதுக்குட்பட்டோர்க்கு இச்சேவையை விற்றல் குற்றமாயிற்று. அவுஸ்திரேலியாவின் மாநிலங்கள் 2014 இறுதி தொடக்கம் 2016 தொடக்கத்துக்குள் இக்கடைகளை அடியோடு மூடின. தம்பியிடம் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் பத்தாண்டுக்குரியது. பத்தாண்டு நிலைக்குமோ என்று சட்டமே ஐயுறும் தொழிலுக்கு ஆறு பரப்பு நிலத்தின் பாதியை ஈடாக்குவதா?

இதனைத் தொலைபேசியிற் சொன்னேன். தம்பி சிறிதுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “அண்ணா, அப்பா புகையிலை செய்தவர்தானே?” என்றான்.

அவ்வினா என்னை நிறுத்திற்று. அந்த முதலாம் வகுப்பிலே புகையிலைப் புகையும் இருக்கின்றது. எங்கள் தோட்டத்தில் விளைந்த புகையிலைதான் எங்கள் இருவருக்கும் புத்தகமும் சைக்கிளும் வாங்கித் தந்தது. ஆசிரியர் கலாசாலைக்கு நான் சென்ற செலவையும் அதுவே தாங்கியது. அவன் விற்க எண்ணிய காணியும் அதே காணி. நான் சொன்ன விடை இதுதான்: “தம்பி, அப்பா வாழ்ந்த தொழிலை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அத்தொழில் பிறப்போடு வந்தது. நிலமும் பஞ்சமும் அவரைக் கேட்டு வரவில்லை. உனக்கு இது தெரிவாக வந்திருக்கிறது. முடிவைச் சொல்லும் பத்திரமும் கையில் இருக்கிறது. கையெழுத்து வேண்டுமானால் வைப்பேன். உன் பங்கு உன்னுடையது. ஆனால் நீ கேட்டது கையெழுத்தை மட்டுமன்று, என் எண்ணத்தையும் என்று நினைக்கிறேன்.”

அவன் விடை கூறவில்லை. ஒரு வாரம் அழைப்பும் வரவில்லை. அம்மா நாள்தோறும் கேட்டார்; நான் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாதிருந்தது. அவ்வாரத்தில் அவன், உரிமக் கடையிலிருந்து விலகியோர் என்று பத்திரத்திற் கண்டவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசியிருக்கின்றான். நால்வரில் மூவர் பேசினர்; மூவரும் பிணை வைத்த வீட்டைப் பற்றியே பேசினர். பின்னர் அம்முதிய பெண்மணியிடம் சென்று, கட்டில்கள் வேண்டாம். குத்தகையையும் முடி திருத்தும் நாற்காலிகளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று விலை பேசினான். அவன் மனைவி அங்கு சென்ற பின் சிகையலங்காரம் கற்றுப் பிறர் கடையிற் கூலிக்கு வேலை செய்து வந்தவர். வீட்டில் தொழில் அறிந்தவர் ஒருவர் இருக்க, இருவரும் அறியாத தொழிலுக்கு முதல் தேடியதை அவரே முதலில் எடுத்துக்காட்டினாராம். கட்டில்களை அப்பெண்மணி வேறொருவருக்கு விற்றார். விலை வெகுவாகக் குறைந்தது. காணியை விற்கும் தேவையும் நீங்கிற்று.

இதனை வெற்றிக் கதையாகச் சொல்ல நான் விரும்பவில்லை. முதல் மூன்றாண்டும் தம்பி பண்டசாலை வேலையை விடவில்லை. 2020 ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றுக் காலத்தில் அரசாங்கக் கட்டளைப்படி கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்பொழுது மொத்த வசூலிற் பங்கு கேட்கும் மேலாளர் யாரும் இல்லாதது ஓர் ஆறுதல். ஆனால் கைகொடுக்கும் பெரிய நிறுவனமும் இல்லை. இன்று கடை இருவர்க்கும் சோறு போடுகின்றது. பிள்ளைகளின் படிப்பு நடக்கின்றது. எங்கள் ஆறு பரப்பில் இப்பொழுது வெங்காயமும் மரவள்ளியும் குத்தகைக்காரர் செய்கின்றார்; தம்பி திரும்பி வந்து அதிற் கால் வைப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் அது இருக்கின்றது.

வெளிநாட்டில் உழைக்கும் எம் கல்லூரிச் சகோதரர்க்கும், நாளை அங்கு செல்லவிருக்கும் மாணவர்க்கும் சொல்லத்தக்கது சிலவே. கடையின் பெயர்ப்பலகை யாருடையது என்று கேட்பதற்கு முன், அங்கே விற்கும் பொருள் பத்தாண்டின் பின்னும் விற்கத்தக்கதா என்று கேளுங்கள். பங்கு கணிக்கப்படுவது வசூலிலா இலாபத்திலா என்று பாருங்கள். நடத்துவோரைக் காட்டிலும் விலகியோரிடம் அதிகம் பேசுங்கள். சட்டம் தரும் 14 நாளை முழுவதும் பயன்படுத்துங்கள். அவசரப்படுத்துவோர் உங்கள் நன்மைக்காக அவசரப்படுத்துவதில்லை. உங்கள் வீட்டிலேயே ஒரு தொழில் அறிந்த கை இருக்கின்றதா என்று திரும்பிப் பாருங்கள். வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்னும் அதிகாரத்தில் இழப்பை முதலிலும் ஊதியத்தை அதன் பின்னுமே எண்ண வைத்தார். வகுப்பறையில் அவ்வதிகாரத்தைப் பல ஆண்டு கற்பித்திருக்கின்றேன். அது கடைக்காரனுக்கும் எழுதப்பட்டது என்பதை இப்பொழுது மாணவர்க்குச் சொல்லிக் கற்பிக்கின்றேன்.